ராட்சத நூல்கோல்: பருமனால் முற்றுவதில்லை, தடைபட்ட வளர்ச்சியால் முற்றுகிறது

வீட்டுத் தோட்டங்களுக்கு ஆலோசனை சொல்லும் பணியில் நான் அடிக்கடி எதிர்கொள்ளும் காட்சி ஒன்று உண்டு. இரண்டு கைகளாலும் பிடிக்க வேண்டிய அளவு பருத்த ஒரு நூல்கோலைக் கொண்டுவந்து மேசைமேல் வைப்பார்கள். வெட்டினால் கத்தி பாதியிலேயே நின்றுவிடும். உள்ளே வெண்மையான சதைக்குப் பதிலாகக் கயிறு போன்ற நார் ஓடியிருக்கும். "பெரிதாக விட்டதால் முற்றிவிட்டது, இனிமேல் சிறியதாகவே பறித்துவிடுகிறேன்" என்று அவர்களே தீர்ப்பும் சொல்லிவிடுவார்கள். நூக்கல் என்றும் பலர் அழைக்கும் இந்தக் காய்கறியைப் பற்றி நிலவும் தவறான கருத்துகளில் மிகப் பரவலானது இதுதான். நான்கு கிலோ எடையிலும் ஆப்பிளைப் போல நறுக்கென்று கடிக்கக்கூடிய நூல்கோலை விளைவிக்க முடியும். அதற்குச் சரியான ரகமும் இடைவிடாத வளர்ச்சியும் தேவை. இரண்டில் ஒன்று தவறினாலும் கட்டைதான் கிடைக்கும்.

முதலில், நாம் உண்பது கிழங்கு அன்று என்பதைத் தெளிவாக்கிக்கொள்வது நல்லது. நூல்கோல் என்பது முட்டைக்கோஸ், காலிஃபிளவர், புரோக்கோலி ஆகியவற்றோடு ஒரே சிற்றினத்தைச் சேர்ந்த செடி. மண்ணுக்கு மேலே அதன் தண்டு உருண்டு பருப்பதையே நாம் காயாகப் பறிக்கிறோம். தண்டு என்பதால் அதற்குள் நீரைக் கடத்தும் குழாய்கள் உண்டு. செடிக்கு வயதாகும்போதும், வெப்பத்தாலோ நீர்ப் பற்றாக்குறையாலோ வளர்ச்சி தடைபடும்போதும், அந்தக் குழாய்களின் சுவரில் லிக்னின் என்னும் மரப்பொருள் படிகிறது. இந்த மாற்றம் அடிப்பகுதியில் தொடங்கி மேலே ஏறுகிறது. ஒருமுறை படிந்த மரத்தன்மை, பிறகு எவ்வளவு நீர் ஊற்றினாலும் கரையாது. இந்த ஒரு செய்தி மனத்தில் பதிந்துவிட்டால், கீழே நான் சொல்லப்போகும் பராமரிப்பு முறைகளுக்கான காரணங்கள் தாமாகவே விளங்கிவிடும்.

ரகத்தைப் பற்றி நான் சற்றுக் கண்டிப்பாகவே பேசுவேன். சாதாரண நூல்கோல் ரகங்கள் 5 முதல் 8 செ.மீ குறுக்களவில் பறிப்பதற்காகவே உருவாக்கப்பட்டவை. அவற்றைப் பாத்தியிலேயே விட்டுவைத்தால் பருமன் ஓரளவு கூடும், நாரும் அதைவிட வேகமாகக் கூடும். என் மேசைக்கு வரும் கட்டைகளில் பெரும்பாலானவை இப்படி விட்டுவைக்கப்பட்ட சாதாரண ரகங்களே. பெரிதாக வளர்ந்தும் இளமை மாறாத ரகங்கள் தனி. செக் நாட்டுப் பாரம்பரிய ரகமான கிகான்டே, ஜெர்மன் மொழியில் உருகுதலைக் குறிக்கும் சொல்லைத் தன் பெயரில் கொண்ட சூப்பர்ஷ்மெல்ஸ், கலப்பின ரகமான கோசாக் ஆகியவை பலரும் பயிரிட்டுப் பார்த்தவை. இவை சாதாரணமாக 20 செ.மீ குறுக்களவைத் தொடும். சூப்பர்ஷ்மெல்ஸும் கோசாக்கும் நடவுக்குப் பின் ஏறத்தாழ 60 முதல் 80 நாட்களில் அறுவடைக்கு வரும். கிகான்டே விதைப்பிலிருந்து சுமார் 4 மாதங்கள் கேட்கும். அலாஸ்கா மாநிலக் கண்காட்சியில் 40 கிலோவைத் தாண்டிய நூல்கோல் வைக்கப்பட்டிருக்கிறது. அந்த எடைக்குப் பின்னால் கோடையில் மிக நீண்ட பகலும் குளிர்ந்த காற்றும் ஒன்றாக அமையும் ஓர் அபூர்வச் சூழல் இருக்கிறது. வீட்டுத் தோட்டத்தில் 3 அல்லது 4 கிலோ என்பதே நிறைவான இலக்கு.

காலத்தைத் தேர்ந்தெடுப்பதில் பலர் விதைக்கும் நாளை மட்டும் பார்க்கிறார்கள். நான் தண்டு பருக்கும் நாட்களிலிருந்து பின்னோக்கி எண்ணச் சொல்வேன். தண்டு பருக்கும் வாரங்களில் 15 முதல் 20 டிகிரி செல்சியஸ் வெப்பநிலை இருந்தால் சதை மென்மையாக வளரும். 25 டிகிரியைத் தொடர்ந்து தாண்டும் நாட்கள் நாரைக் கூட்டும். வெப்பமான இடங்களில் ஆண்டின் மிகக் குளிர்ந்த மாதங்கள் தண்டு பருக்கும் காலமாக அமைய வேண்டும். கடுங்குளிர் நிலவும் இடங்களில் வேறோர் ஆபத்து உண்டு. இளஞ்செடி ஒரு வாரத்துக்கு மேல் 10 டிகிரிக்குக் கீழான குளிரில் நின்றால், குளிர்காலம் கடந்துவிட்டதாக உணர்ந்து காய் பருக்காமலே பூக்காம்பு விட்டுவிடக்கூடும். அத்தகைய இடங்களில் நாற்றுகளைக் குளிர் தணியும்வரை மறைவில் வைத்திருப்பது அவசியம்.

குழித்தட்டில் 1 செ.மீ ஆழத்தில் விதைத்தால் ஒரு வாரத்துக்குள் முளை வந்துவிடும். நாற்றுக்கு வெளிச்சம் போதாவிட்டால் தண்டு நீண்டு வளைந்துபோகும். அப்படிப்பட்ட நாற்றிலிருந்து நேரான, உருண்டையான காயை எதிர்பார்க்க இயலாது. முளையிலைகளுக்குப் பிறகு நான்கைந்து உண்மையான இலைகள் வந்ததும், அதாவது 4 முதல் 6 வாரங்களுக்குள், நட்டுவிட வேண்டும். தட்டிலேயே வேர் சுருண்டு நெருக்கப்பட்ட நாற்று நட்ட பிறகும் தயங்கித் தயங்கியே வளரும், அந்தத் தயக்கத்தின் விளைவை அறுவடையில் காண்போம். நடும்போது, தட்டில் இருந்த ஆழத்துக்கு மேல் புதைக்கக் கூடாது. தண்டு மண்ணுக்குள் சென்றால் பருக்க வேண்டிய பகுதி ஈரத்தில் அழுகுவதற்கு வாய்ப்பு உண்டு.

இடைவெளியில்தான் சிறு தோட்டக்காரர்களின் மனம் இளகிவிடுகிறது. சாதாரண நூல்கோலுக்கு 15 முதல் 20 செ.மீ போதும். ராட்சத ரகத்துக்குச் செடிக்குச் செடி எல்லாப் பக்கமும் 45 செ.மீ குறைந்தபட்சம், 60 செ.மீ விட்டால் இன்னும் நல்லது. நட்ட நாளில் பாத்தி வெறுமையாகத் தோன்றும். அந்த வெற்றிடத்தில் ஒரு மாதத்தில் முடியும் கீரையையோ முள்ளங்கியையோ விதைத்துக்கொள்ளலாம். தொட்டியில் வளர்ப்பவர்கள் ஒரு தொட்டிக்கு ஒரு செடி மட்டுமே வைக்க வேண்டும்; தொட்டி குறைந்தது 30 செ.மீ ஆழமும் 40 செ.மீ அகலமும் கொண்டதாக இருக்கட்டும்.

மண்ணைப் பொறுத்தவரை, மக்கிய தொழு உரமும் ஈரத்தைப் பிடித்து வைக்கும் தன்மையும் முதன்மையானவை. கார அமிலத்தன்மை (pH) 6 முதல் 7.5 வரை இருக்கலாம். அமில மண்ணில் வேர்வீக்க நோய் எளிதாகக் கால் பதிக்கும். வேர்கள் விரல்களைப் போலத் தடித்துப்போக, செடி நடுப்பகலில் வாடி மாலையில் நிமிர்வது அதன் முதல் அடையாளம். அந்த நோயின் வித்துகள் மண்ணில் பத்தாண்டுகளுக்கு மேலும் உயிரோடு இருக்கும் என்பதால், முட்டைக்கோஸ் குடும்பச் செடிகளை ஒரே பாத்தியில் அடுத்தடுத்து வைப்பதை நான் எப்போதும் தடுத்து வருகிறேன். மூன்று நான்கு ஆண்டுகள் இடைவெளி வேண்டும். தெரியாத இடத்திலிருந்து நாற்று வாங்கினால் வேரைக் கழுவிப் பார்க்கத் தயங்க வேண்டாம்.

நீர்தான் இந்தப் பயிரின் உயிர்நாடி. ஒரு சதுர மீட்டருக்கு வாரத்துக்கு 25 முதல் 35 லிட்டர் என்பது பொதுவான அளவு. மண்ணின் தன்மைக்கும் வெயிலுக்கும் ஏற்ப இதைக் கூட்டவோ குறைக்கவோ செய்யலாம். அளவைவிடச் சீர்மை முக்கியம். ஒருமுறை நான் பார்வையிட்ட தோட்டத்தில் ஆறு செடிகள் மிக அழகாகப் பருத்து நின்றன. வீட்டினர் பத்து நாட்கள் வெளியூர் சென்றார்கள். திரும்பி வந்து வாடிய செடிகளைக் கண்டு பதறி, ஒரே மாலையில் பாத்தி நிரம்பத் தண்ணீர் பாய்ச்சினார்கள். இரண்டு நாட்களில் நான்கு காய்கள் மேலிருந்து கீழாகப் பிளந்துவிட்டன. இறுகியிருந்த தோல், உள்ளே திடீரென்று விரிந்த சதையைத் தாங்கவில்லை. காய்ந்த மண்ணைச் சிறிது சிறிதாகச் சில நாட்களில் நனைத்திருந்தால் பிளவைப் பெரும்பாலும் தவிர்த்திருக்கலாம். ஆனால் அந்தப் பத்து நாள் வறட்சியில் படிந்த நாரை எதனாலும் நீக்கியிருக்க முடியாது. காய்ந்த இலை, வைக்கோல் போன்றவற்றை ஐந்து செ.மீ தடிமனில் மண்மேல் பரப்பி மூடாக்கு இடுவது இத்தகைய சோதனைகளிலிருந்து செடியைக் காக்கும் மலிவான வழி. மூடாக்கு தண்டைத் தொடாமல் சற்று விலகியிருக்கட்டும். களை எடுக்கும்போதும் களைக்கொத்தை ஆழமாகப் பாய்ச்ச வேண்டாம், ஏனெனில் வேர்கள் மேல் மண்ணிலேயே பரவியிருக்கின்றன.

உரத்தில் அவசரம் வேண்டாம். நட்ட மூன்றாம் வாரமும், தண்டு எலுமிச்சை அளவு பருத்ததும் மண்புழு உரம் இட்டால் போதும். காய் பெரிதாக வேண்டும் என்ற ஆசையில் யூரியாவை அள்ளி இடுவோர், பெரிய இலையையும் சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சிக் கூட்டத்தையுமே பெறுகிறார்கள். உள்ளே பழுப்பு நிறக் குழி விழுந்திருந்தால் போரான் என்னும் நுண்ணூட்டச் சத்தின் பற்றாக்குறையைச் சந்தேகிக்கலாம். போரானின் தேவைக்கும் நச்சளவுக்கும் இடையே மிகக் குறுகிய இடைவெளியே உள்ளதால், மண் பரிசோதனை செய்யாமல் அதை இட வேண்டாம் என்று வற்புறுத்துகிறேன். கீரைக்காக இலைகளைப் பறிப்பதிலும் நிதானம் தேவை. காயைப் பருக்க வைப்பவை அந்த இலைகளே. ஒரு செடியிலிருந்து ஒரு தடவைக்கு இரண்டு இலைகளுக்கு மேல் எடுக்காதீர்கள்.

பூச்சிகளில் வைரமுதுகுப் பூச்சியைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. அதன் சிறிய பச்சைப் புழு இலையின் அடிப்புறத்தைச் சுரண்டி, கண்ணாடி போன்ற மெல்லிய மேல்தோலை மட்டும் விட்டுவைக்கும். பூச்சிக்கொல்லிகளுக்கு மிக விரைவாகத் தாக்குப்பிடிக்கும் திறன் பெறும் பூச்சி இது என்பதால், கடையில் கொடுக்கும் மருந்தை மாற்றி மாற்றித் தெளித்து ஓய்ந்தவர்கள் பலர். நட்ட நாள்முதல் நுண்வலையால் பாத்தியை மூடுவதே நான் கண்டவற்றுள் நம்பகமான வழி. வலை இல்லாதவர்கள் ஓரத்தில் கடுகு விதைத்து, தாய்ப்பூச்சிகள் அங்கே முட்டையிடுமாறு ஈர்க்கலாம். புழு தென்பட்டால் பேசில்லஸ் துரின்ஜியென்சிஸ் என்னும் நுண்ணுயிர்க் கலவையை மாலையில், இலையின் அடிப்புறம் நனையுமாறு தெளிக்க வேண்டும். நூல்கோல் இலையின்மேல் மெழுகு படர்ந்திருப்பதால் வேப்பெண்ணெய்க் கரைசல் உருண்டோடிவிடும். சிறிது சோப்புக் கரைசல் சேர்த்தால்தான் ஒட்டும். இலை விளிம்பிலிருந்து நடுநரம்பு நோக்கி ஆங்கில 'வி' வடிவில் மஞ்சள் பரவினால் அது கருப்பு அழுகல் நோயின் அறிகுறி. அந்தச் செடியை வேரோடு அகற்றுங்கள், உரக்குழியில் போடாதீர்கள்.

வீட்டில் உண்பதற்காகத்தானே வளர்க்கிறோம்! ஆயினும் அறுவடைக்கு முந்தைய நாள் இரசாயன மருந்து தெளித்துவிட்டு, அடுத்த நாளே குழந்தைகளுக்குப் பச்சையாக நறுக்கிக் கொடுத்த குடும்பத்தை நான் அறிவேன். ஒவ்வொரு மருந்தின் உறையிலும் தெளிப்புக்கும் அறுவடைக்கும் இடையே விட வேண்டிய நாட்கள் அச்சிடப்பட்டிருக்கும். அதைப் படிக்காமல் எந்த மருந்தையும் தொடக் கூடாது.

காய் உரிய பருமனை எட்டியதும், இரண்டு வாரங்களாக வளர்ச்சி தென்படாவிட்டால் காத்திருக்க வேண்டாம். அடித்தண்டு மரம் போல இறுகியிருக்கும் என்பதால் கத்தியால் போராடாமல் சிறு ரம்பத்தால் அறுத்தெடுங்கள். இலைகளை நீக்கிவிட்டால் காயின் ஈரம் வீணாகாது. குளிர்ந்த, ஈரப்பதம் மிகுந்த இடத்தில் நல்ல ராட்சத ரகம் சில மாதங்கள்கூடக் கெடாமல் இருக்கும். சமைக்க எடுக்கும்போது, அடிப்பக்கத்தில் இரண்டு விரற்கடை அளவு வெட்டி ஒதுக்கிவிட்டு, கீழிருந்து மேலாகத் தோலைத் தடிமனாக உரித்தால் நார் தோலோடு வந்துவிடும். ஒரே வேளையில் முழுக்காயும் தீராது. வெட்டிய முகத்தை ஈரத்துணியால் மூடிக் குளிர்பெட்டியில் வைத்து, அடுத்த நாள் மேற்புறத்தில் ஒரு மெல்லிய வில்லையை மட்டும் சீவி எறிந்தால், உள்ளே முதல் நாளைப் போன்ற நீர்ப்பசையோடு சதை காத்திருக்கும்.