மாவட்டக் கலை மன்ற விருதுகள்: யார் விண்ணப்பிக்கலாம்?

கலைமாமணி விருது அறிவிக்கப்படும்போது நாளிதழ்கள் அதைப் பெரிதாக வெளியிடுகின்றன. ஆனால் தமிழ்நாடு அரசின் கலை பண்பாட்டுத் துறை மாவட்டந்தோறும் வழங்கும் விருதுகளைப் பற்றி, ஊர்த் திருவிழாக்களில் விடிய விடியக் கூத்தாடும் கலைஞர்களுக்கே பல நேரங்களில் தெரிவதில்லை.

மாவட்ட ஆட்சியரைத் தலைவராகக் கொண்டு இயங்கும் மாவட்டக் கலை மன்றங்கள் 2002-03ஆம் ஆண்டு முதல் இவ்விருதுகளை வழங்கி வருகின்றன. 18 வயது வரையுள்ளோருக்குக் கலை இளமணி, 19 முதல் 35 வரை கலை வளர்மணி, 36 முதல் 50 வரை கலைச் சுடர்மணி, 51 முதல் 65 வரை கலை நன்மணி, 66 வயதும் அதற்கு மேலும் ஆனோருக்குக் கலை முதுமணி என வயதை அடிப்படையாகக் கொண்டு ஐந்து விருதுகள் வகுக்கப்பட்டுள்ளன. பட்டயத்துடன் வழங்கப்படும் பொற்கிழி, இளமணிக்கு 4,000 ரூபாயில் தொடங்கி முறையே 6,000, 10,000, 15,000 என உயர்ந்து முதுமணிக்கு 20,000 ரூபாயாக அமைந்துள்ளது. தொகை பெரிதன்று என்பது உண்மையே. எனினும் எழுபது வயதுத் தவில் கலைஞர் இருபது வயது இளைஞருடன் போட்டியிட வேண்டியதில்லை என்பதே இந்த வகைப்பாட்டின் சிறப்பு என்று கருதுகிறேன்.

குரலிசை, நாதஸ்வரம், மிருதங்கம், பரதநாட்டியம் ஆகியவற்றோடு ஓவியம், சிற்பம், நாடகம், தெருக்கூத்து, கரகாட்டம், காவடி, பொய்க்கால் குதிரை, கணியான் கூத்து, தோற்பாவைக்கூத்து, சிலம்பாட்டம் போன்ற கலைகளும் கருத்தில் கொள்ளப்படுகின்றன. தேசிய விருதோ கலைமாமணி விருதோ பெற்றவர்களும், மாவட்டக் கலை மன்ற விருதை முன்பே பெற்றவர்களும் விண்ணப்பிக்க இயலாது.

விண்ணப்பத்துடன் தன்விவரக் குறிப்பு, நிழற்படம், வயதுச் சான்று, ஆதார் நகல், கலை அனுபவத்துக்கான சான்றுகள் ஆகியவற்றை இணைக்க வேண்டும். கிராமியக் கலைஞர்கள் தடுமாறுவது கடைசியாகச் சொன்ன சான்றில்தான். சபாக்களில் பாடுவோரிடம் அழைப்பிதழ்களும் பாராட்டுக் கடிதங்களும் சேர்ந்துவிடுகின்றன. அம்மன் கோயில் கொடைக்கு ஆண்டுதோறும் கரகம் எடுத்து ஆடுபவரிடம் ஊராரின் நினைவைத் தவிர வேறு சான்று இருப்பதில்லை. எனவே திருவிழா நோட்டீஸில் பெயர் அச்சாகியிருந்தால் அதைப் பத்திரப்படுத்துவதும், ஆடும்போது எடுத்த நிழற்படத்தின் பின்புறம் ஊரையும் நாளையும் குறித்து வைப்பதும், கோயில் நிர்வாகத்திடமோ ஊராட்சித் தலைவரிடமோ நிகழ்ச்சி முடிந்த கையோடு ஒரு கடிதம் பெறுவதும் பின்னாளில் கைகொடுக்கும். எழுதப் படிக்க இயலாத மூத்த கலைஞர்களுக்கு அவர்களுடைய பிள்ளைகளும் மாணவர்களும் இதைச் செய்து தருவது கடமை என்றே கூறுவேன்.

மாவட்ட நிர்வாகம் நாளிதழ்கள் வழியாக வெளியிடும் அறிவிப்பில் கடைசி நாள் குறிப்பிடப்படும். விண்ணப்பங்களை அந்தந்த மண்டலக் கலை பண்பாட்டு மையத்தின் உதவி இயக்குநருக்கு அனுப்ப வேண்டும். காஞ்சிபுரம், சேலம், தஞ்சாவூர், திருச்சிராப்பள்ளி, மதுரை, கோயம்புத்தூர், திருநெல்வேலி ஆகிய ஊர்களில் இம்மையங்கள் உள்ளன. தம் மாவட்டம் எந்த மண்டலத்தைச் சேர்ந்தது என்பதை முன்னதாகவே கேட்டறிந்து கொள்வது நல்லது.

இவ்விருது ஓய்வூதியம் அன்று. ஒருமுறை மட்டுமே வழங்கப்படும் சிறப்பு. நலிந்த நிலையிலுள்ள கலைஞர்களுக்கான மாத நிதியுதவியைத் தமிழ்நாடு இயல் இசை நாடக மன்றம் வழங்குகிறது. திருமணம், கல்வி, விபத்து போன்றவற்றுக்கான உதவிகளைப் பெற, நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தில் தனியே பதிவு செய்துகொள்ள வேண்டும்.