அணுவுலைக் கடலோரம்: கதிர்வீச்சு அல்லாத பாதிப்புக்கு எந்தக் காகிதத்தை யாரிடம் கேட்பது?

கூடங்குளம் பக்கத்துக் கடலோர ஊர்களிலிருந்து போன மனுக்கள் பலவற்றைப் படித்திருக்கிறேன். வெந்நீர் வருகிறது, கரையில் மீன் படுவதில்லை, கட்டுமானத் தூசி வீட்டுக்குள் வருகிறது, கிணற்று நீர் மாறிவிட்டது என்று எழுதியிருப்பார்கள். எல்லாம் நியாயமான குறைகள். ஆனால் மனுவின் தலைப்பு மட்டும் "கதிர்வீச்சு பாதிப்பு குறித்து" என்று இருக்கும். அந்த ஒரு சொல்லால் மனு அணுசக்தித் துறையின் பக்கம் போய்விடும். பல மாதம் கழித்து, "கதிர்வீச்சு அளவுகள் வரம்புக்குள் உள்ளன" என்று இரண்டு வரியில் பதில் வரும். வெந்நீரைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இருக்காது. கோப்பு முடிந்தது என்று கட்டிவிடுவார்கள்.

வெப்பம், குளோரின், தூசி, சத்தம், கழிவுநீர், மீன் இழப்பு இவை அணுசக்தி விவகாரமே அல்ல. மற்ற ஆலைகளுக்கு இருக்கும் அதே சுற்றுச்சூழல் சட்டங்கள்தான் இவற்றுக்கும். கதிர்வீச்சைப் பார்ப்பது அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம். மற்றவற்றைப் பார்க்க வேண்டியது மத்தியச் சுற்றுச்சூழல் அமைச்சகமும் தமிழ்நாடு மாசுக்கட்டுப்பாட்டு வாரியமும். அமைச்சகத்துக்குச் சென்னையில் ஒருங்கிணைந்த மண்டல அலுவலகம் இருக்கிறது. மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்துக்கு மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளர் இருக்கிறார். உங்கள் மனு இந்த இரண்டு இடத்துக்கும் போக வேண்டும். கதிர்வீச்சைப் பற்றியும் கேட்க வேண்டுமானால் அதைத் தனி மனுவாக எழுதுங்கள், ஒன்றில் ஒன்றைக் கலக்காதீர்கள்.

கடலுக்கு என்ன போகிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கூடங்குளத்தில் ஓர் உலை 1000 மெகாவாட் மின்சாரம் தருவதற்குச் சுமார் 3000 மெகாவாட் வெப்பத்தை உண்டாக்குகிறது. மின்சாரமாக மாறாத மூன்றில் இரண்டு பங்கு வெப்பம் குளிர்விக்கும் கடல்நீரோடு கடலுக்கே திரும்புகிறது. இதற்குச் சொல்லப்படும் வரம்பு 7 டிகிரி செல்சியஸ். வெந்நீரை வாங்கிக்கொள்ளும் கடலின் வெப்பம் இயல்பைவிட அதற்குமேல் ஏறக் கூடாது. குழாய்களில் சிப்பியும் கொட்டலசும் ஒட்டாமல் இருக்கக் குளோரின் சேர்ப்பார்கள். நீரை உறிஞ்சும் இடத்தில் மீன் குஞ்சுகளும் முட்டைகளும் சேர்ந்து உள்ளே போகும்.

அந்த 7 டிகிரி என்ற எண்ணில்தான் பெரிய பொறி இருக்கிறது. எங்கே அளந்தார்கள், எந்த ஆழத்தில், எந்த நேரத்தில், அப்போது எத்தனை உலை ஓடியது? இவை இல்லாமல் "வரம்புக்குள் உள்ளது" என்ற பதிலுக்கு அர்த்தமே கிடையாது. எரிபொருள் மாற்றுவதற்காக ஓர் உலையை நிறுத்தியிருக்கும் மாதத்தில் அளந்தால் எண் அழகாகத்தான் வரும். ஆண்டுச் சராசரி போட்டால் இன்னும் அழகாக வரும். "இயல்பு வெப்பம்" என்று எந்த இடத்தை எடுத்தார்கள் என்பதும் முக்கியம். வெந்நீர் ஏற்கெனவே பரவிய இடத்தை இயல்பு என்று எடுத்தால் வித்தியாசம் தானாகவே குறைந்துவிடும். ஆகவே வெறும் அளவைக் கேட்காதீர்கள். அளவு எடுத்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை, ஆழம், தேதி, மணி, அந்த நேரத்தில் ஒவ்வொரு உலையின் மின் உற்பத்தி எல்லாம் இருக்கும் பதிவேட்டின் நகலைக் கேளுங்கள். குளோரினுக்கும் அப்படித்தான். மாதச் சராசரி வேண்டாம், தினப் பதிவு வேண்டும்.

இனி காகிதங்கள். முதலாவது, அரையாண்டு அறிக்கை. 2006 செப்டம்பர் 14-ஆம் தேதி வந்த சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் 10-ஆம் பத்தியைக் குறித்துக்கொள்ளுங்கள். சுற்றுச்சூழல் அனுமதியின் நிபந்தனைகளை எப்படி நிறைவேற்றினோம் என்று நிலையம் ஒவ்வோர் ஆண்டும் ஜூன் 1, டிசம்பர் 1 ஆகிய தேதிகளில் அறிக்கை தர வேண்டும் என்று அது சொல்கிறது. அந்த அறிக்கை பொது ஆவணம், விண்ணப்பிக்கும் எவருக்கும் நகல் தர வேண்டும் என்றும் அதே பத்தியில் இருக்கிறது. "இது அணுவுலை சம்பந்தப்பட்டது, தர முடியாது" என்று யாராவது சொன்னால் அந்தப் பத்தி எண்ணை மனுவில் எழுதிக் காட்டுங்கள். வாய்ப்பேச்சில் மறுப்பவர்கள் பலர் அதை எழுத்தில் மறுக்கத் தயங்குவார்கள்.

இங்கே இன்னொரு சிக்கல். கூடங்குளத்துக்கு ஒரே ஓர் அனுமதி இல்லை. 1, 2 உலைகளுக்கான அனுமதி 1989-இல் வந்தது. 3 முதல் 6 வரையிலான உலைகளுக்கு 2008-இல் வந்தது. "கூடங்குளம் அறிக்கை வேண்டும்" என்று பொதுவாகக் கேட்டால், "எது என்று தெளிவாகக் குறிப்பிடவில்லை" என்று திருப்பி அனுப்புவார்கள். உலை எண்ணையும் அனுமதி வந்த ஆண்டையும் எழுதுங்கள். ஓடும் உலைகளின் வெந்நீர் வேறு, கட்டிக்கொண்டிருக்கும் உலைகளின் தூசி வேறு. இரண்டுக்கும் தனித்தனி மனு.

இரண்டாவது காகிதம், பலருக்குத் தெரியாதது. சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகள் 1986-இன் 14-ஆம் விதிப்படி, மார்ச் 31-இல் முடியும் ஆண்டுக்கான சுற்றுச்சூழல் அறிக்கையைப் படிவம் 5-இல் செப்டம்பர் 30-க்குள் மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்திடம் தர வேண்டும். எவ்வளவு தண்ணீர் எடுத்தார்கள், என்ன கழிவு வெளியே போனது என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டியவை. மூன்றாவது, வாரியம் கொடுத்த இசைவாணையும் (ஆலையை இயக்க வாரியம் தரும் அனுமதி) அதன் நிபந்தனைகளும், வாரியமே எடுத்த மாதிரிகளின் ஆய்வு முடிவுகளும்.

தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கும்போது நம் ஆட்கள் மாட்டிக்கொள்ளும் இடங்களைச் சொல்லிவிடுகிறேன்.

ஊர்க் கமிட்டி, மீனவர் சங்கம் என்று லெட்டர்பேடில் எழுதினால் திருப்பி அனுப்ப ஒரு சாக்குக் கிடைக்கும். உரிமை குடிமகனுக்கு என்றுதான் சட்டம் சொல்கிறது. ஒருவர் தன் பெயரிலும் முகவரியிலும் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். எதற்காகக் கேட்கிறீர்கள் என்று சொல்ல வேண்டியதில்லை, சொல்லவும் வேண்டாம். "ஏன் மீன் செத்தது?" என்று கேட்காதீர்கள். "ஏன்" என்ற கேள்விக்கு, அது தகவல் அல்ல என்று பதில் வந்துவிடும். "இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரையிலான பதிவேட்டின் நகல்" என்று கேளுங்கள்.

கட்டணம் பத்து ரூபாய்தான், ஆனால் அதிலும் மாட்டிக்கொள்வார்கள். மாநில அலுவலகத்துக்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டலாம். அதையே சென்னையில் இருக்கும் மத்திய அலுவலகத்துக்கு ஒட்டினால் செல்லாது, அங்கே போஸ்டல் ஆர்டர் வேண்டும். இது தெரியாமல் ஒரு மாதம் காத்திருந்து, கட்டணம் சரியில்லை என்று மனு திரும்பி வந்து மனம் விட்டுப்போனவர்கள் உண்டு. இன்னொன்று: தமிழில் எழுதலாம். மத்திய அலுவலகமானாலும், விண்ணப்பிக்கும் பகுதியின் ஆட்சிமொழியில் எழுதச் சட்டத்தின் 6-ஆம் பிரிவே இடம் தருகிறது. "இங்கிலீஷில் எழுதிக்கொண்டு வா" என்று யாரும் உங்களை அனுப்ப முடியாது.

"இது எங்கள் அலுவலகம் இல்லை, அங்கே போய்க் கேளுங்கள்" என்பது வழக்கமான பதில். அங்கே போனால் இங்கே அனுப்புவார்கள். கூலியை விட்டுவிட்டு பஸ் ஏறி வந்தவரை இப்படி அலைக்கழிப்பதைப் பார்த்தால் வயிறு எரியும். நீங்கள் போகவே வேண்டாம். தவறான அலுவலகத்துக்கு மனு வந்தால் 5 நாளுக்குள் சரியான அலுவலகத்துக்கு மாற்றி அனுப்புவது அவர்களின் கடமை, பிரிவு 6(3). மனுவின் கடைசி வரியில் அதை எழுதிவிடுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால், அல்லது வந்த பதில் மழுப்பலாக இருந்தால், அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அதற்கு மத்திய அலுவலகங்களில் கட்டணம் இல்லை. பாதுகாப்பு காரணம் சொல்லி முழுக் கோப்பையும் மறுத்தால், மறைக்க வேண்டியதை மறைத்து மீதியைக் கொடுங்கள் என்று பிரிவு 10-ஐச் சொல்லிக் கேளுங்கள்.

நீங்களே பாட்டிலில் கடல்நீரை எடுத்துத் தனியார் ஆய்வகத்தில் கொடுத்துப் பணத்தைச் செலவழிக்காதீர்கள். நீர் மாசுபாட்டைத் தடுக்கும் தண்ணீர்ச் சட்டத்தின் 21-ஆம் பிரிவில் மாதிரி எடுப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. அந்த முறைப்படி வாரியம் எடுத்த மாதிரிக்குத்தான் சட்ட நடவடிக்கையில் மதிப்பு. மீன் செத்துக் கரை ஒதுங்கினால் அன்றைக்கே மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளருக்கு எழுத்தில் புகார் கொடுத்து, வந்து மாதிரி எடுக்கச் சொல்லுங்கள். தேதி, மணி, இடம் தெரியும்படி போட்டோ எடுங்கள். போனில் சொன்னேன் என்பது எங்கேயும் நிற்காது. மனுவின் நகலில் முத்திரை வாங்குங்கள், அல்லது ஒப்புகையுடன் தபாலில் அனுப்புங்கள்.

இந்தத் தேதிகளை நான் இவ்வளவு வலியுறுத்துவதற்குக் காரணம், சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் தேசிய பசுமைத் தீர்ப்பாயம். அங்கே சாதாரண மனுவுக்குக் காலவரம்பு, பிரச்சினைக்கான காரணம் முதலில் எழுந்த நாளிலிருந்து 6 மாதம். தகுந்த காரணம் காட்டினால் இன்னும் 60 நாள், அவ்வளவுதான். இழப்பீடு கேட்பதற்கு 5 வருடம். புதிய அனுமதியை எதிர்த்து மேல்முறையீடு என்றால் 30 நாள், அதற்கு மேல் தாமதத்தைப் பொறுப்பது 60 நாள் வரைதான். கலெக்டர் அலுவலகத் திங்கட்கிழமை மனு, நினைவூட்டு, மறுபடி மனு என்று "பதில் வரட்டும்" என்றே காத்திருந்து ஆறு மாதத்தைத் தொலைத்தவர்கள் நிறைய. அலுவலகம் பதில் தரவில்லை என்பதற்காக அந்தக் கெடு நிற்காது.

அங்கும் கதிர்வீச்சு என்ற சொல் காலை வாரும். தீர்ப்பாயம் விசாரிக்கக்கூடிய சட்டங்களின் பட்டியலில் தண்ணீர்ச் சட்டம், காற்றுச் சட்டம், சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் எல்லாம் இருக்கின்றன, அணுசக்திச் சட்டம் இல்லை. வெந்நீர், குளோரின், தூசி என்று எழுதினால் உள்ளே நிற்கலாம்.

தென்மண்டல அமர்வு சென்னையில் இருக்கிறது. இழப்பீடு கேட்காத மனுவுக்குக் கட்டணம் ஆயிரம் ரூபாய், வறுமைக்கோட்டுக்குக் கீழே இருப்பவர்களுக்கு அதுவும் இல்லை. வக்கீல் வைக்கப் பணம் இல்லை என்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். அங்கே வருமானச் சான்று கேட்டு அலைய விடலாம். ஆனால் பெண்களுக்கு இலவசச் சட்ட உதவி பெற வருமான வரம்பே கிடையாது, சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு. மீன் விற்கும் பெண்களில் யாராவது ஒருவர் மனுதாரராக நிற்கச் சம்மதித்தால், அவர் பெயரிலேயே விண்ணப்பியுங்கள்.