என் கையெழுத்துக்கு ஆறாயிரம் ரூபாயாம்

போன செவ்வாய்க்கிழமை காலை, தூய்மைப் பணியாளர்களின் வருகைப் பதிவு முடிந்து நான் கவுன்சிலராக இருக்கும் வார்டின் அலுவலகத்துக்கு வந்தேன். மடியில் மஞ்சள் பையோடு ஒரு பாட்டி காத்திருந்தார். பேத்தியை ஒன்றாம் வகுப்பில் சேர்க்க வேண்டும். பிறப்புச் சான்றிதழில் குழந்தையின் பெயர் இருக்க வேண்டிய இடம் காலி.

"கையெழுத்து போட்டாச்சா கண்ணு?"

எந்தக் கையெழுத்து?

"உனக்குன்னு சொல்லித்தானே ஆறாயிரம் வாங்கிட்டுப் போனான்."

ஆளின் பெயர் பாட்டிக்குத் தெரியவில்லை. "கவுன்சிலரம்மாகிட்டதான் இருக்கேன்" என்றானாம். பையில் இருந்த சான்றிதழை வாங்கிப் பார்த்தேன். விழுப்புரம் பக்கம் பதிவானது. மகளுக்குத் தாய்வீட்டில் பிரசவம். சென்னை மாநகராட்சியின் எந்தப் பதிவேட்டிலும் அந்தக் குழந்தை இல்லை. நான் பத்து கையெழுத்து போட்டாலும் அந்தக் காகிதத்தில் ஓர் எழுத்துகூட மாறாது.

இப்படி ஏமாந்து என்னிடம் வந்தவர்களில் இந்த வருடம் இவர் ஐந்தாவது. வராமல் இருப்பவர்கள் எத்தனை பேரோ. பொறுமை போய்விட்டது, அதனால் எழுதுகிறேன்.

பிறப்பு எங்கே நடந்ததோ அங்கேதான் பதிவு. நீங்கள் எங்கே குடியிருக்கிறீர்கள், ரேஷன் கார்டு எங்கே, ஓட்டு எங்கே என்பதெல்லாம் கணக்கில் வராது. 21 நாளுக்குள் பதிவு செய்தால் கட்டணம் கிடையாது. பெயர் இல்லாமல் பதிவு செய்திருந்தால் ஒரு வருடம் வரை பெயரை இலவசமாகச் சேர்க்கலாம். அதற்கு மேல் 15 வருடம் வரை தாமதக் கட்டணம் 200 ரூபாய். இருநூறுதான்! எல்லாவற்றையும் பதிவாளர் பார்த்துக்கொள்வார். அந்தப் படிவத்தைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தாலும் கவுன்சிலர் கையெழுத்துக்கு இடம் இருக்காது.

பெயர் ஏன் சேர்க்கவில்லை என்று கேட்டால் பாதிப் பேர் சொல்வது, "ஜோசியர் எழுத்து சொல்லல மேடம்". வீட்டில் கூப்பிட ஒரு பெயர் இருக்கிறது, சான்றிதழில் இல்லை. ஐந்து வருடமாக என்ன எழுத்துக்குக் காத்திருக்கிறீர்கள்? 2023 அக்டோபர் 1-ஆம் தேதியிலிருந்து பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளிக்கூடம், ஓட்டுநர் உரிமம், பாஸ்போர்ட் என்று எதற்குப் போனாலும் பிறந்த தேதிக்கு இந்தச் சான்றிதழைத்தான் கேட்பார்கள். ஜோசியரை முதல் வருடத்துக்குள் முடித்துவிடுங்கள், புண்ணியமாகப் போகும்.

கவுன்சிலர் கையெழுத்து போட்டால் எதுவும் நடக்கும் என்ற நம்பிக்கைதான் புரோக்கர்களுக்குச் சோறு போடுகிறது. என் வாரத்தில் பாதி அதிலேயே போகிறது. திங்கள்கிழமை பட்டா மாற்றித் தரச் சொல்லி வருவார்கள். அது தாசில்தார் வேலை. சாதிச் சான்று, வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று மூன்றும் வருவாய்த்துறை. இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டி விண்ணப்பிக்கலாம். ரேஷன் கார்டு உணவுப் பொருள் வழங்கல் துறை. மின்தடைக்கு மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகம். சாக்கடை அடைப்புக்குச் சென்னையில் குடிநீர் வாரியம், 1916. குப்பை, தெருவிளக்கு, மழைநீர் வடிகால், கொசு, தெருநாய் எங்களுடையவை, 1913. (வீட்டுக் கழிவுநீரை மழைநீர் வடிகாலில் திருப்பிவிட்டு, நாற்றம் அடிக்கிறது என்று 1913-க்குப் புகார் கொடுப்பவர்களைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரை எழுத வேண்டும்.)

என் கையெழுத்துக்கு மதிப்புள்ள இடமே இல்லையா என்றால், இருக்கிறது. ஆதாரில் முகவரி மாற்ற வேறு ஆவணம் இல்லாதவர்களுக்கு, அதற்கான படிவத்தில் மாநகராட்சி உறுப்பினரும் சான்றளிக்கலாம். புகைப்படத்தை ஒட்டிக்கொண்டு நேரில் வாருங்கள். கையெழுத்து போட்ட தேதியிலிருந்து மூன்று மாதம் செல்லும். கட்டணம் கிடையாது, தெரிந்தவர் சிபாரிசும் வேண்டாம்.

அப்புறம் அந்தச் சம்பளக் கதை. கவுன்சிலருக்கு லட்சத்தில் சம்பளம் என்று பரப்புகிறவர்கள் கவனிக்கவும். மதிப்பூதியம் என்று ஒன்று தருவதே 2023 ஜூலையிலிருந்துதான், மாநகராட்சி உறுப்பினருக்கு மாதம் 10,000 ரூபாய். "அதை வைத்து எப்படிச் சமாளிக்கிறீர்கள்?" என்று ஒரு சிரிப்போடு கேட்பார்கள். அந்தச் சிரிப்புக்குக் காரணமானவர்களும் எங்களில் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் நீங்கள் புரோக்கரிடம் கொடுக்கிற பணம் என்னிடம் வருவதில்லை.

உண்மையில் என் வேலை என்ன என்று யாரும் கேட்பதில்லை. உதவிப் பொறியாளரோடு தெருத் தெருவாக நடப்பது, எந்தத் தெருவுக்கு முதலில் சாலை போடுவது என்று மண்டலக் குழுவில் மல்லுக்கட்டுவது, ரிப்பன் மாளிகையில் மாமன்றம் கூடும்போது என் வார்டுக்கான கேள்வியை வைப்பது. சண்டை போட்டு வாங்க வேண்டியது அங்கேதான் இருக்கிறது. பகுதி சபை கூட்டினால் இருபது பேர் வருகிறார்கள், காதுகுத்துக்குக் கூப்பிட நூறு பேர் வருகிறார்கள். அதிலும் சிலர் வாசலில் நின்று, "சார் இல்லீங்களா?" என்று என் வீட்டுக்காரரைத் தேடுவார்கள். மன்றத்தில் பாதி இடங்கள் பெண்களுக்கு என்று சட்டம் சொல்லி, நாங்கள் ஜெயித்து உட்கார்ந்த பிறகும் சாரைத்தான் தேடுகிறார்கள். சார் கடையில் இருக்கிறார் ஐயா, கவுன்சிலர் நான்தான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். என் பெயரையோ வேறு எந்தக் கவுன்சிலர் பெயரையோ சொல்லி யாராவது பணம் கேட்டால், அவன் எதிரிலேயே எங்களுக்கு போன் போடுங்கள். முக்கால்வாசிப் பேர் அப்போதே நழுவிவிடுவார்கள். அசல் ஆவணத்தைக் கொடுக்காதீர்கள். ஆதார் எண்ணும் ஓடிபியும் கண்டிப்பாகக் கொடுக்காதீர்கள். ரசீது இல்லாத கட்டணம் எதையும் கட்டாதீர்கள். ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்களா? வெட்கப்பட்டுக்கொண்டு வீட்டில் மறைக்காமல் வந்து சொல்லுங்கள், உங்களைத் திட்ட மாட்டேன். போலீசில் எழுதிக் கொடுத்து மனு ரசீது வாங்கலாம், நானும் கூட வருகிறேன்.

பாட்டி முதலில் போலீஸ் வேண்டாம் என்றார். "அவனும் புள்ளகுட்டிக்காரன் போல." ஒரு மணி நேரம் பேசிச் சம்மதிக்க வைத்தேன். விழுப்புரத்தில் எந்த அலுவலகத்துக்குப் போக வேண்டும் என்று விசாரித்து, ஒரு தாளில் எழுதி மகளிடம் கொடுத்தேன். சனிக்கிழமை பாட்டி மறுபடியும் வந்தார். அதே மஞ்சள் பை, உள்ளே 200 ரூபாய்க்கான ரசீது. அதை எனக்குக் காட்டிவிட்டு மடித்து வைத்தவர், இடுப்பில் இருந்த சுருக்குப் பையை அவிழ்த்தார்.

"சரி கண்ணு, உனக்கு எவ்வளவு?"