எம்ப்ளாயி எங்கேஜ்மென்ட்: தமிழில் என்ன சொல்வது?

எங்கேஜ்மென்ட் என்றதும் நம் ஊரில் நினைவுக்கு வருவது நிச்சயதார்த்தம்தான். ஹெச்ஆர் மெயிலில் வரும் 'எம்ப்ளாயி எங்கேஜ்மென்ட்', அதாவது ஊழியர் தன் வேலையில் மனம் ஒன்றி இருப்பது, வேறு சங்கதி என்றாலும் இரண்டுக்கும் வேர் ஒன்றே. பழைய பிரெஞ்சில் 'காஜ்' என்றால் பிணைப்பொருள், அதாவது சொன்ன சொல்லைக் காப்பாற்றுவேன் என்பதற்காக ஒருவர் வைக்கும் ஈடு. கல்யாணத்துக்கு வாக்குக் கொடுப்பது அதிலிருந்து வந்தது, அடமானத்தைச் சொல்லும் 'மார்ட்கேஜ்' அதிலிருந்து வந்தது, கூலியைச் சொல்லும் 'வேஜ்' கூட அதே குடும்பம்தான்.

எங்கேஜ்மென்டை வேலை செய்கிற இடத்துக்கான கோட்பாடாக விரித்து எழுதியவர் அமெரிக்க ஆய்வாளர் வில்லியம் கான், 1990-இல். ஒரு கோடைக்கால முகாமையும் ஒரு கட்டட வடிவமைப்பு நிறுவனத்தையும் எடுத்துக்கொண்டு, ஆட்கள் எப்போது வேலையில் ஒன்றிப்போகிறார்கள், எப்போது ஒதுங்கிக்கொள்கிறார்கள் என்று பார்த்தார். முகாமில் ஸ்கூபா டைவிங் சொல்லிக்கொடுக்கும் ஒருவரை அவர் விவரிப்பார்: ஓடி ஓடிக் கருவிகளைச் சரிபார்க்கிறார், வானிலையில் ஒரு கண் வைத்திருக்கிறார், தண்ணீரில் இறங்கும் இளைஞர்களின் பயத்தையும் பரபரப்பையும் தானும் உணர்கிறார். உடம்பு, புத்தி, மனசு மூன்றும் வேலைக்குள் இருக்கின்றன. அதற்குக் கான் மூன்று நிபந்தனைகள் சொன்னார்: வேலைக்கு அர்த்தம் இருக்க வேண்டும், மனதில் பட்டதைப் பேசினால் கெடுதல் வராது என்ற பாதுகாப்பு வேண்டும், அப்புறம் உடம்பிலும் மனசிலும் தெம்பு மிச்சம் இருக்க வேண்டும்.

எங்கேஜ்மென்ட் பேச்சில் கூடவே வரும் 'சாட்டிஸ்ஃபேக்ஷன்' வேறு. லத்தீனில் 'போதுமான அளவு செய்வது' என்று பொருள். தமிழில் மனநிறைவு, திருப்தி என்றாலும் சரிதான். நல்ல சம்பளம், வீட்டுக்குப் பக்கத்தில் ஆபீஸ் என்று நிறைவாக இருப்பவர் வேலையில் ஒட்டாமலே பத்து வருடம் ஓட்டிவிடலாம், அதனால் இரண்டையும் ஒன்றாகக் குழப்பக் கூடாது.

எங்கேஜ்மென்டுக்கு என் தேர்வு 'ஈடுபாடு'. இடு என்பது நீண்டு ஈடு, படு என்பது நீண்டு பாடு. கெடு கேடானது மாதிரி இரண்டுமே முதனிலை திரிந்த தொழிற்பெயர்கள். ஈடு என்றால் பிணை, சமம், இழப்புக்குத் தரும் பதில் என்று பல பொருள் உண்டு. பிரெஞ்சுச் சொல்லுக்கும் இதற்கும் உறவு கிடையாது, ஆனாலும் பிணை என்கிற பொருள் இரண்டு பக்கமும் இருப்பது அழகான பொருத்தம். பிணை என்று வந்துவிட்டால் அது ஒருவர் மட்டும் வைப்பதாக இருக்க முடியாது, நிர்வாகமும் பதிலுக்கு ஏதாவது வைத்தாக வேண்டும். நாள் முழுக்க நின்றபடியே புடவை எடுத்துக் காட்டும் பெண்ணிடம் தெம்பை எங்கே எதிர்பார்ப்பது? கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாடு 2021-இல் சட்டம் திருத்த வேண்டியிருந்தது. ஈடுபாட்டை வளர்க்கும் வேலை அந்த நாற்காலியிலிருந்து தொடங்குகிறது, வெள்ளிக்கிழமை விளையாட்டுப் போட்டியிலிருந்து அல்ல.

எழுதும்போது ஒன்றைக் கவனியுங்கள். 'ஊழியர்களை ஈடுபடுத்துதல்' என்று போடாதீர்கள். 'பாதுகாப்புப் பணியில் போலீசார் ஈடுபடுத்தப்பட்டனர்' என்று செய்தியில் வருமே, அந்தச் சொல் ஆளை வேலையில் இறக்குவதைத்தான் குறிக்கும். 'ஊழியர் ஈடுபாடு' அல்லது 'பணி ஈடுபாடு' என்றே எழுதலாம்.