டிரான்சியன்ட்: நிலையா ஓட்டமும் அசைபடமும்

திருநெல்வேலியில், தாமிரபரணியின் குறுக்குத்துறைப் படித்துறையில் பேரன் ஆற்றில் இறங்கினால் மேலே இருந்து ஆச்சி ஒரு சத்தம் போடுவாள்: "ஏல, மண்டபத்துத் தூண் பக்கம் போவாத. அங்கன நிலைக்காது, சுழி கெடக்கு." நிலைக்காது என்றால் கால் ஊன்றி நிற்க முடியாத ஆழம். நீரோட்டத்தைக் கணக்கிடும் மென்பொருளில் 'டிரான்சியன்ட்' என்ற சொல்லைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்தச் சத்தம்தான் காதில் விழும்.

சொல் லத்தீன் வழி வந்தது. 'டிரான்ஸ்' என்றால் அப்பால், 'ஈரே' என்றால் போதல். கடந்து போவது, தங்காதது என்று பொருள். விமான நிலையத்தில் கேட்கும் 'டிரான்சிட்'டுக்கும் இதே வேர்தான்.

கறாராகப் பார்த்தால், மதகைத் திறந்ததும் வாய்க்காலில் தண்ணீர் கொஞ்ச நேரம் தளும்பி, அப்புறம் ஒரே மட்டமாக ஓடுகிறதே, அந்தத் தளும்பல் மட்டும்தான் டிரான்சியன்ட். பாலத் தூணுக்குப் பின்னால் இடம் வலமாக மாறி மாறிக் கழன்று கொண்டே இருக்கும் சுழிகளை 'அன்ஸ்டெடி', அதாவது நேரத்தோடு மாறிக்கொண்டே இருப்பது, என்பதுதான் முறை. மென்பொருள்காரர்கள் இந்த வித்தியாசத்தைப் பார்ப்பதில்லை. நேரத்தோடு எது மாறினாலும் அவர்களுக்கு டிரான்சியன்ட்தான்.

இதற்குத் தமிழில் 'தற்காலிக ஓட்டம்' என்று எழுதியதைப் பார்த்திருக்கிறேன். தற்காலிகப் பேருந்து நிலையம் மாதிரி இருக்கிறது. 'கணநேர ஓட்டம்' அதைவிட மோசம். சுழிகள் நாள் முழுக்கக் கழலும், கணத்தோடு முடிவதில்லை. 'நிலைமாறு ஓட்டம்' மதகுத் தளும்பலுக்குப் பொருந்தும், சுழிக்குப் பொருந்தாது. என் ஓட்டு 'நிலையா ஓட்டம்' என்பதற்கே. செல்லாக் காசு, பொய்யா மொழி போல இதுவும் ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். நிலையாமை என்று குறளில் 34ஆம் அதிகாரமே இருக்கிறது. எதிர்ச்சொல்லும் தானாக வந்துவிடும்: நிலைத்த ஓட்டம். அதைச் 'சீரான ஓட்டம்' என்று சொன்னால் குழப்பம்தான். நேரத்துக்கு நேரம் மாறாதது வேறு, இடத்துக்கு இடம் மாறாதது வேறு.

அடுத்து, இந்த ஓட்டத்தை ஓடவிட்டுக் காட்டும் அனிமேஷன். 'அனிமா' என்றால் மூச்சு, உயிர். கார்ட்டூனுக்கு 'அசைவூட்டம்' அருமையான சொல், ஏனென்றால் அங்கே அசையாத கோட்டுக்கு நாம்தான் அசைவை ஊட்டுகிறோம். நிலையா ஓட்டத்தில் அசைவு கணக்குக்குள்ளேயே இருக்கிறது. நடுநடுவே எடுத்துச் சேமித்த படங்களை நாம் வரிசையாகக் கோக்கிறோம், அவ்வளவுதான். அதற்கு 'அசைபடம்' போதும். இன்னும் சொன்னால், கோக்கத் தெரியாவிட்டால் இருக்கிற அசைவும் போய்விடும்.

எனக்குப் போனது. சுலோசன முதலியார் பாலத்தை மனதில் வைத்துக்கொண்டு ஒரு கணக்குப் போட்டேன். 1843இல் திறந்த அந்தப் பாலத்தின் உண்மை அளவுகள் இல்லை, பாடத்துக்காக வைத்துக்கொண்டவை: வட்டத் தூண், விட்டம் 2 மீட்டர், ஓட்டம் வினாடிக்கு 1 மீட்டர். இப்படிப்பட்ட தூணுக்குப் பின்னால் சுழி எத்தனை நேரத்துக்கு ஒருமுறை கழலும் என்பதற்கு ஸ்ட்ரூகால் எண் என்று ஒன்று உண்டு. பெரும்பாலான வேகங்களில் அது ஏறக்குறைய 0.2. அதை வேகத்தால் பெருக்கி விட்டத்தால் வகுத்தால் வினாடிக்கு 0.1 சுற்று. அதாவது இடத்தில் ஒன்று, வலத்தில் ஒன்று என ஒரு சுற்று முடிய 10 வினாடி.

வன்தட்டில் இடமில்லை என்று நான் 10 வினாடிக்கு ஒரு படம் சேமித்தேன். ஓட்டிப் பார்த்தால் தாமிரபரணி உறைந்து கிடக்கிறது! ஒவ்வொரு படத்திலும் சுழிகள் பழைய இடத்துக்கே வந்து நிற்கின்றன. சரி என்று 9 வினாடியாக்கினேன். சுழிகள் பின்னோக்கிக் கிளம்பி, ஆற்றின் மேல்பக்கம் இருக்கும் பாபநாசத்தைப் பார்த்து நீந்த ஆரம்பித்துவிட்டன. சினிமாவில் கார்ச் சக்கரம் பின்னால் சுற்றுமே, அதே கோளாறு. அரை வினாடிக்கு ஒரு படம், ஒரு சுற்றுக்கு 20 படம் என்று எடுத்த பிறகுதான் ஆறு ஆறாக ஓடியது.

இந்தச் சேமிப்பு இடைவெளி வேறு, கணக்கின் காலப்படி வேறு. மென்பொருள் ஆற்றைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்து, நேரத்தைப் படிப்படியாக நகர்த்திக் கணக்கிடும்; அந்த ஒரு நகர்வுதான் காலப்படி. கூரண்ட், ஃபிரீட்ரிக்ஸ், லெவி என்ற கணித அறிஞர்கள் மூவரும் 1928இல் சொன்ன வரம்பை ஒட்டிப் போனால், ஒரு படிக்குள் தண்ணீர் ஒரு கட்டத்தைத் தாண்டக் கூடாது. என் கட்டம் 2 சென்டிமீட்டர், படி 0.01 வினாடி. ஆக 50 படிக்கு ஒரு படம்.

எந்த வேகத்துக்கு எந்த நிறம் என்று காட்டும் நிற அளவுகோலை எல்லாப் படத்துக்கும் ஒன்றாகவே பூட்டிவிட வேண்டும். இல்லையென்றால் மென்பொருள் படத்துக்குப் படம் புது எல்லை வைத்துக்கொள்ளும், நிறம் மினுக்கும். அப்புறம், அரை வினாடிப் படங்களை வினாடிக்கு 10 வீதம் ஓட்டினால் ஆறு 5 மடங்கு வேகத்தில் போகும். அதை மூலையில் எழுதி வையுங்கள். நான் எழுதாமல் காட்டியபோது, "இது எந்த வருசத்து வெள்ளம், அண்ணாச்சி?" என்று கேட்டார்கள்.