நீலத்தின் மேல் சிவப்பு ஏன் மிதக்கிறது?

சுத்த நீலப் பின்னணியில் சுத்தச் சிவப்பு எழுத்து. வாட்ஸ்அப் வாழ்த்து அட்டைகளில் இந்த ஜோடியைப் பார்த்திருப்பீர்கள். எழுத்து ஓரிடத்தில் நிற்காமல் மிதக்கும். பலருக்குச் சிவப்பு முன்னால் வந்து நிற்கும், சிலருக்கு நீலம். அதற்காகக் கண் மருத்துவரிடம் ஓட வேண்டாம். எல்லோர் கண்ணிலும் உள்ள கோளாறுதான் இது.

கண்ணின் ஒளியியல் நீலத்தை அதிகமாக வளைக்கிறது, சிவப்பைக் குறைவாக. சிவப்பு விழித்திரையில் கூர்மையாக விழும்போது, நீலம் அதற்கு முன்பே குவிந்து மங்கிவிடுகிறது. நிறமாலையின் இரு முனைகளுக்கும் இடையே இந்த வேறுபாடு ஏறத்தாழ 2 டயாப்டர், அதாவது கண்ணாடியின் ‘பவர்’ கணக்கில் 2. மூக்குக்கண்ணாடி போடுகிறவர்களுக்கு அது எவ்வளவு என்று தெரியும். இரு நிறங்களின் பிம்பங்களும் ஒவ்வொரு கண்ணிலும் சற்று விலகி விழுவதால், தட்டையான திரையில் ஆழம் இருப்பதாக மூளை கணக்குப் போடுகிறது. போதாக்குறைக்கு, விழித்திரையின் நட்டநடுவில், எழுத்தைக் கூர்ந்து பார்க்கும் அதே இடத்தில், நீலத்தை உணரும் கூம்புச் செல்களே கிடையாது.

நிறம் வேறாக இருந்தால் படித்துவிடலாம் என்று வடிவமைப்பாளர்கள் நினைக்கிறார்கள். மெல்லிய கோடுகளைக் கண் பிரித்தறிவது பெரும்பாலும் வெளிச்ச வேறுபாட்டால். இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அதை விகிதமாகக் கணக்கிடுகிறது: வெள்ளையில் கருப்பு 21:1, சாதாரண அளவு எழுத்துக்குக் குறைந்தது 4.5:1 வேண்டும். நம் சிவப்பு, நீல ஜோடிக்குக் கிடைப்பது சுமார் 2.1. வெள்ளையில் மஞ்சளுக்கு 1.07, அதை எழுத்து என்பதே பெரிய மனசு. ஆனால் வெள்ளையில் நீலம் 8.6 பெறுகிறது. குற்றம் நீலத்தினுடையதல்ல, கூட்டாளியினுடையது.

டார்க் மோடு, அதாவது கருந்திரையில் வெள்ளை எழுத்து? கருந்திரையைப் பார்க்கும்போது கண்மணி விரிகிறது. வில்லையின் ஓரங்கள் வழியாகவும் ஒளி நுழைவதால் பிம்பத்தின் கூர்மை குறைகிறது. வெள்ளை எழுத்து தன் எல்லையைத் தாண்டிக் கசிகிறது. கண்ணின் வளைவு எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி இல்லாத ஆஸ்டிக்மாடிசம் உள்ளவர்களுக்கு இன்னும் மோசம். தமிழ் எழுத்துக்கு இது தனித் தொல்லை: சிறிய எழுத்துருவில் சுழிகளுக்குள் ஒளி நிரம்பினால் ‘ண’வுக்கும் ‘ன’வுக்கும் என்ன வித்தியாசம்? 2013-இல் ஜெர்மனியின் டுசல்டோர்ஃப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பிழைதிருத்தும் வேலை கொடுத்துச் சோதித்தபோது, இளையோர், முதியோர் இருவருக்குமே வெளிர் பின்னணியில் கரிய எழுத்துதான் கைகொடுத்தது.

கண்புரை உள்ளவர்களிடம் கதை தலைகீழாகலாம். கலங்கிய வில்லை, வெள்ளைத் திரையின் ஒளி முழுவதையும் சிதறடித்து எழுத்தின் மேலேயே பூசிவிடும். வீட்டுப் பெரியவர் கருந்திரைதான் வேண்டும் என்று அடம்பிடித்தால், மாற்றிவிடாதீர்கள்.