கேஸ் கீசர் மாட்டும் முன்: எல்.பி.ஜி. காப்பீடு எதற்குக் கிடைக்கும், எங்கே பொருத்த வேண்டும்

வீட்டில் எல்.பி.ஜி. இணைப்பு வைத்திருப்பவர்களுக்கு விபத்துக் காப்பீடு உண்டு. இந்தியன் ஆயில், பாரத் பெட்ரோலியம், இந்துஸ்தான் பெட்ரோலியம் ஆகிய நிறுவனங்களே பொதுப் பொறுப்புக் காப்பீடு எடுத்து வைத்திருக்கின்றன. நாம் பிரீமியம் கட்ட வேண்டியதில்லை, தனியாகப் பெயர் பதியவும் வேண்டாம். விபத்தில் இறந்தால் ஒருவருக்கு 6 லட்சம் ரூபாய். சிகிச்சைச் செலவு ஒருவருக்கு 2 லட்சம் வரை, ஒரு விபத்துக்கு மொத்தம் 30 லட்சம் வரை. வீட்டுப் பொருள்களின் சேதத்துக்கு ஒரு விபத்துக்கு 2 லட்சம் வரை கிடைக்கும். ஆனால் ஏஜென்சியில் பதிவான முகவரியில் நடந்த சேதமாக இருக்க வேண்டும். வீடு மாறியபின் முகவரியை மாற்றாதவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள்.

இந்தக் காப்பீட்டின் நிபந்தனைகளில் ஒன்றைக் கீசர் வாங்குபவர்கள் கட்டாயம் கவனிக்க வேண்டும். எல்.பி.ஜி. முதன்மைக் காரணமாக இருந்த தீ விபத்து என்பதுதான் அதிலுள்ள வரையறை. கேஸ் கீசரால் உயிர் போகும்போதோ பெரும்பாலும் தீயே பிடிப்பதில்லை. குளிக்கப் போனவர் வெளியே வரமாட்டார். கதவை உடைத்துப் பார்த்தால் சுவரில் கரிகூட இருக்காது. உயிரை எடுத்தது கார்பன் மோனாக்சைடு. அப்படிப்பட்ட இறப்புக்கு இந்தக் காப்பீட்டை நம்பியிருக்க முடியாது. அதனால் கீசரை எங்கே, எப்படி மாட்டுகிறோம் என்பதில்தான் நம் கவனம் முழுவதும் இருக்க வேண்டும்.

குளியலறைக்குள் ஏன் கூடாது

நிமிடத்துக்கு 6 லிட்டர் தண்ணீரின் சூட்டை 25 டிகிரி ஏற்றும் கீசர் ஓடும்போது ஒரு மணிக்கு ஏறக்குறைய 1 கிலோ கேஸை எரிக்கும். சமையலறை அடுப்பின் ஆறேழு பர்னரை ஒன்றாகப் பற்றவைத்ததற்குச் சமம். 1 கிலோ எல்.பி.ஜி. முழுமையாக எரிய 15 கிலோவுக்கு மேல் காற்று வேண்டும், அதாவது சுமார் 13 கன மீட்டர். 5 அடிக்கு 7 அடி, 9 அடி உயரமுள்ள குளியலறையில் இருக்கும் மொத்தக் காற்றே 9 கன மீட்டர்தான்.

கதவையும் ஜன்னலையும் சாத்திவிட்டு 5 நிமிடம் கீசரை ஓடவிட்டால் அறையின் ஆக்சிஜன் 21 சதவீதத்திலிருந்து 19-க்குக் கீழே இறங்கிவிடும். கால் மணி நேரம் ஓடினால் ஆக்சிஜனில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் காலி. காற்று குறையக் குறையக் கேஸ் அரைகுறையாக எரிந்து கார்பன் மோனாக்சைடைக் கக்கும். அதற்கு வாசனை கிடையாது. சிலிண்டர் கேஸில் மூக்கைத் துளைக்கிறதே, அது கசிவு தெரிவதற்காகச் சேர்த்த மருந்தின் நெடி. எரியும்போது அதுவும் எரிந்துவிடும். ஆகவே 'நாற்றம் வரவில்லை, கேஸ் லீக் இல்லை' என்று நிம்மதியாக இருப்பது இங்கே உதவாது. கார்பன் மோனாக்சைடு ரத்தத்தின் ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் வலுவாகப் பிடித்துக்கொள்ளும். தலைவலி, கிறுகிறுப்பு, வாந்தி வருவதுபோன்ற உணர்வு, பிறகு கால் துவண்டு விழுதல். தாழ்ப்பாளைத் திறக்கக்கூடத் தெம்பிருக்காது.

ஊட்டி, கொடைக்கானல், ஏற்காடு போன்ற ஊர்களில் ஆபத்து இன்னும் அதிகம். குளிருக்குப் பயந்து வென்டிலேட்டரில் அட்டையோ துணியோ அடைத்துவிடுகிறார்கள்.

கடைகளில் அதிகம் விற்கும், புகைக்குழாய் இல்லாத கீசரைக் குளியலறைக்கு வெளியேதான் மாட்ட வேண்டும். திறந்த பால்கனி, துணி துவைக்கும் இடம், சன்ஷேடுக்குக் கீழே வெளிச்சுவர் ஆகியவை சரியான இடங்கள். வெந்நீர்க் குழாயை மட்டும் உள்ளே கொண்டுவர வேண்டும். கண்ணாடி போட்டு மூடிய பால்கனி வெளியிடம் ஆகாது, அது இன்னொரு அறை. குளியலறை வென்டிலேட்டருக்கு நேர் கீழே மாட்டினாலும் புகை உள்ளே திரும்பும். எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டால் போதும் என்று சிலர் சொல்வார்கள்; கதவின் அடியில் காற்று நுழைய வழி இல்லாவிட்டால் ஃபேன் சுற்றும், காற்று மாறாது.

கேஸ் லைன்

வாங்கும்போது ஐ.எஸ்.ஐ. முத்திரையும் அதனுடன் ஐ.எஸ். 15558 என்ற எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். முத்திரையின் கீழ் உள்ள சி.எம்./எல். உரிம எண்ணை இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பி.ஐ.எஸ். கேர் செயலியில் போட்டால் அசலா போலியா என்று தெரிந்துவிடும். அடுப்போ கீசரோ தன்னிடமே வாங்கினால்தான் இணைப்பு என்று ஏஜென்சி வற்புறுத்த முடியாது. சுடர் அணைந்தால் கேஸை நிறுத்தும் அமைப்பும், ஆக்சிஜன் குறைந்தால் தானே அணையும் சென்சாரும் உள்ள மாடலைக் கேட்டு வாங்குங்கள். சென்சார் இருக்கிறதே என்று கீசரைக் குளியலறைக்குள் கொண்டுபோக வேண்டாம்.

அடுப்பு ரெகுலேட்டரிலிருந்து டி-ஜாயின்ட் (ஒரு லைனை இரண்டாகப் பிரிக்கும் இணைப்பு) போட்டுக் கீசருக்கு இழுப்பதை எண்ணெய் நிறுவனங்கள் தடுக்கின்றன. கீசருக்குத் தனி சிலிண்டரும் தனி ரெகுலேட்டரும் வைக்க வேண்டும். டியூப் எஃகுக் கம்பி வலையுள்ள சுரக்‌ஷா டியூப்பாக இருக்கட்டும். நீளம் ஒன்றரை மீட்டரைத் தாண்டக்கூடாது, நடுவில் ஒட்டுப்போடக்கூடாது, சுவருக்குள் புதைக்கக்கூடாது. 5 ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். டியூப்பிலேயே ஆண்டு அச்சாகியிருக்கும். ஒன்றரை மீட்டருக்கு மேல் தூரம் என்றால் செம்பு அல்லது ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப் லைன் போடத் தெரிந்த, ஏஜென்சி அனுப்பும் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். பிளம்பரிடம் தண்ணீர் வேலையை மட்டும் விடுங்கள்.

சிலிண்டரை நிமிர்த்தித் தரைமட்டத்தில், காற்றோட்டமான இடத்தில் வைக்க வேண்டும். எல்.பி.ஜி. காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோடு பரவித் தாழ்வான இடத்தில் தேங்கும். குழாய்வழி இயற்கை எரிவாயுவுக்குச் செய்த கீசரை எல்.பி.ஜி.யில் மாட்டக்கூடாது. இரண்டுக்கும் அழுத்தமும் ஜெட் துளையின் அளவும் வேறு. வீட்டு எல்.பி.ஜி. ரெகுலேட்டர் தரும் அழுத்தம் 30 மில்லிபார்.

மாட்டி முடித்ததும் ஒவ்வொரு இணைப்பிலும் சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழி வருகிறதா என்று பார்க்க வேண்டும். தீக்குச்சி உரசிப் பார்ப்பவரை உடனே நிறுத்துங்கள்.

மலைப்பகுதிகளில் இன்னொரு சிக்கல் உண்டு. அதிகாலைக் குளிரில் பாதி காலியான சிலிண்டரிலிருந்து போதிய கேஸ் ஆவியாகி வராது. சுடர் சிறுத்துத் தண்ணீர் வெதுவெதுப்பாகவே இருக்கும். அதற்காகச் சிலிண்டர்மேல் வெந்நீர் ஊற்றுவதும் அதைப் படுக்கவைப்பதும் உயிருக்கு ஆபத்து. தண்ணீர் வரும் வேகத்தைக் குறைத்துக்கொள்வதே வழி.

தண்ணீர்ப் பக்கம்

தண்ணீர் அழுத்தம் போதாவிட்டால் கீசர் பற்றாது. 10 அடி உயரத்தில் தொட்டி இருந்தால் கிடைக்கும் அழுத்தம் 0.3 பார்தான். உங்கள் மாடலுக்கு எவ்வளவு வேண்டும் என்பது கையேட்டில் இருக்கும். பற்றவில்லை என்றால் முதலில் பேட்டரியையும், தண்ணீர் நுழையும் இடத்திலுள்ள சல்லடையையும் பாருங்கள். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் உள்குழாயில் உப்புப் படியும், வெளியே கரி அடைக்கும். ஆண்டுக்கு ஒருமுறையாவது கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டும். சுடர் நீலமாக இருக்க வேண்டும். மஞ்சளாக எரிந்தாலோ கீசரின் மேல்பக்கம் கறுத்தாலோ அன்றைக்கே நிறுத்திவிடுங்கள்.

விபத்து நடந்தால்

கேஸ் கசிந்தால் சுவிட்சைத் தொடாமல் ரெகுலேட்டரை மூடி, கதவுகளைத் திறந்துவிட்டு, வெளியே வந்து எல்.பி.ஜி. அவசர உதவி எண் 1906-ஐ அழையுங்கள். அது 24 மணி நேரமும் இயங்கும். குளியலறையில் யாராவது மயங்கிக் கிடந்தால் கதவைத் திறந்து, கீசரை அணைத்து, அவரை வெளிக்காற்றுக்கு இழுத்துவந்து 108-ஐக் கூப்பிடுங்கள். ஆம்புலன்ஸிலும் மருத்துவமனையிலும் 'கேஸ் கீசர் ஓடிக்கொண்டிருந்தது' என்று முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். விரலில் மாட்டும் சாதாரண ஆக்சிமீட்டர் கார்பன் மோனாக்சைடு ஏறிய ரத்தத்தையும் நல்ல ரத்தமாகவே காட்டும். சொல்லாவிட்டால் சிகிச்சை தாமதமாகும்.

தீ விபத்தாக இருந்தால் ஏஜென்சிக்கு உடனே எழுத்தில் தெரிவித்து நகல் வாங்கிக்கொள்ளுங்கள். ஏஜென்சி எண்ணெய் நிறுவனத்துக்கும், நிறுவனம் காப்பீட்டு நிறுவனத்துக்கும் தெரிவிக்கும். காவல் நிலைய முதல் தகவல் அறிக்கை, மருத்துவமனை ரசீதுகள், இறப்பு என்றால் இறப்புச் சான்றும் பிரேதப் பரிசோதனை அறிக்கையும் கேட்பார்கள். சிலிண்டர், ரெகுலேட்டர், டியூப், கீசர் நான்கையும் விசாரணை முடியும்வரை அப்படியே விட்டுவையுங்கள்.